கால்வாசி நீலம்

கப்பல் பட்டறையில் அவளுக்குப் பெயர் பொறி. கைவேலையைப் பார்த்து வைத்ததா, வாயைப் பார்த்து வைத்ததா என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. தலைக்கு மேலே தொங்கும் கப்பல் தகட்டைக் கழுத்தைப் பின்னால் சாய்த்தபடி வெல்டிங் செய்கிறவள். நெருப்புத் துளி சட்டைக் காலருக்குள் இறங்கினால்கூடக் கோட்டை முடித்துவிட்டுத்தான் திட்டுவாள். அப்பேர்ப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக் கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு, மிளகு அளவு விளக்கு ஒன்றின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சை விடுங்க அண்ணி. பல்பு பறந்து போயிடாது," என்றான் கொழுந்தன்.

"நீ பேசற பேச்சுக்குப் பறந்தாலும் பறக்கும். வாயை மூடிட்டு ஈயக் கம்பியை நீட்டு."

கொழுந்தன் லிஃப்ட் மெக்கானிக். அடுத்த தெருவில் குடியிருந்தான். வேடிக்கை பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டான். ஆனால் வரும்போதே தன் கருவிப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்ததைப் பொறி கவனித்தாள்.

அவர்களுக்குப் பின்னால், சுவரோரமாக, இரும்புத் தாங்கியின் மேல் இருந்தது தொட்டி. உப்புத் தண்ணீர்த் தொட்டி. தாங்கியை அவள்தான் வெல்டிங் செய்தாள். யானை ஏறி நின்றாலும் அசையாது என்று அவள் வீட்டுக்காரர் கேலி செய்வார். உள்ளே அடுக்கி வைத்த கற்களும், அவற்றின் இடுக்கில் ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு மீனும், எல்லாவற்றுக்கும் நடுவில், உயரமான கல்லின் மேல், மகாராணியும் இருந்தன.

மகாராணி ஒரு பவளம். வண்ணமீன் கடையில் கட்டைவிரல் அளவு ஒடிந்த துண்டாக, குப்பைக்குப் போகவிருந்தபோது அவள் கேட்டு வாங்கி வந்தது. கல்லில் பசை வைத்து ஒட்டினாள். வருஷக்கணக்கில் வளர்ந்து இப்போது இரண்டு உள்ளங்கையை விரித்து வைத்த அகலம். விளக்கு எரியும்போது கொத்துக் கொத்தாகப் பச்சை விரல்களை நீட்டும். நுனியில் மட்டும் வெளிர்மஞ்சள் பொட்டு. தண்ணீர் ஓட்டத்தில் அத்தனை விரலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிரும். பகல் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி வழியாக ஒரே ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருகிறவளுக்கு, சாயங்காலம் அந்தப் பச்சையைப் பார்த்தால்தான் கண் மறுபடி கண்ணாக ஆகும்.

இப்போது அந்த விரல் ஒன்றுகூட வெளியே இல்லை. வாரத்தின் நடுவில் ஒருநாள் பழைய விளக்கு இரண்டு தடவை கண்ணடித்துவிட்டுச் செத்துப்போனது. கொழுந்தன் பிரித்துப் பார்த்து, உள்ளே உப்பு அரித்துப் பச்சை பூத்துக் கிடந்ததைக் காட்டிவிட்டு மூடினான். கடையில் தொங்கும் புது விளக்கின் விலையைக் கேட்டால் மீனே தண்ணீரை விட்டு வெளியே குதித்துவிடும். கூடத்து டியூப்லைட் மகாராணிக்குப் போதவில்லை. விரலையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, எலும்பு தெரியப் பழுப்பேறி, மூடின கை மாதிரி உட்கார்ந்திருந்தது.

நேற்றுக் காலை அவள் வேலையில் இருந்தபோது வீட்டுக்காரர் வண்ணமீன் கடைக்காரருக்குப் போன் போட்டுவிட்டார். ஞாயிறு சாயங்காலம் வந்து பவளத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

பட்டறையிலிருந்து வந்ததும் அவள் குதித்த குதிப்புக்கு மேல்மாடிக்காரர் எட்டிப் பார்த்தார். வீட்டுக்காரர் கிரேன் ஓட்டுகிறவர். நாளெல்லாம் கைச்சாடையிலேயே பேசிப் பழகி, வீட்டிலும் வாய் திறப்பது குறைவு. அன்றைக்குத் திறந்தார்.

"உன் கண்ணு முன்னாடி சாகறதுக்கு, அவர் கடையில உயிரோட இருக்கட்டுமேன்னுதான்."

அவர் சொன்னது நிஜம். கடைசியில் அவளே போனை வாங்கி, கடைக்காரரிடம் சொன்னாள்: "வாங்கண்ணே. நான் ஒரு விளக்கு செய்யறேன். நீங்க வர்ற நேரத்துல அது விரலை நீட்டியிருந்தா வெறும் வாளியோட போங்க. நீட்டலைன்னா நானே எடுத்துத் தர்றேன்."

கடைக்காரர் சிரித்தார். "நீயே செய்யறியா? சரி தங்கச்சி. வாளி கழுவித்தான் வச்சிருக்கேன்."

அப்படித்தான் கட்டிலுக்கடியில் இருந்த பிஸ்கட் டின் வெளியே வந்தது. நீலத்தில் கொஞ்சம், வெள்ளையில் கொஞ்சம் என்று எல்.இ.டி.க்களை அவ்வப்போது வாங்கி அதில் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் நட்சத்திர வடிவத்தில் ஒரு சின்னத் தகட்டில் உட்கார்ந்திருக்கும். மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் பெட்டிகள் இரண்டும், கம்ப்யூட்டரிலிருந்து கழற்றின காற்றாடிகளும்கூட அதில் இருந்தன. எல்லாம் இருந்தது, தைரியம் தவிர. கப்பலைப் பிடித்து ஒட்டுகிறவள் இந்த டின்னைத் திறக்கப் பயந்து வருஷம் ஒன்றை ஓட்டிவிட்டாள்.

விளக்குகளின் சூட்டை வாங்க ஓர் அலுமினியக் கட்டை வேண்டும். சீப்புப் பல் மாதிரி முதுகில் வரிவரியாக இருக்கும் அதைக் கொழுந்தன் கொடுத்திருந்தான், பழைய லிஃப்ட் பெட்டியிலிருந்து கழற்றினது.

"ஏழு மாடி ஏறி இறங்கின கட்டை அண்ணி இது. மரியாதையா நடத்துங்க."

"இனிமே ஏற வேண்டாம்னு சொல்லு. தொட்டி மேல தொங்கினா போதும்."

மாமியார் கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். செங்கல் சுமந்து பிள்ளைகளை ஆளாக்கியவர். வெயிலில் காய்ந்த குரல். "ஒரு கல்லுக்கு இத்தனை பேரு சேவகம்."

"அது கல்லு இல்ல அத்தை, உயிரு. உடம்புக்குள்ள பாசி வச்சிருக்கு. அந்தப் பாசி வெளிச்சத்துல சமைச்சுப் போடற சாப்பாட்டைத்தான் இது சாப்பிடுது."

"வெளிச்சத்தைத் தின்னா வயிறு நிறையுமா?" மாமியார் ஒரு சட்டையை உதறினார். "எனக்கு ஏன் இது முன்னாடியே தெரியாமப் போச்சு? நாள் முழுக்க வெயில்லதானே நின்னேன்."

கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். பொறிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஈயம் உருக்கும் சால்டரிங் கம்பியின் நுனி அந்த நேரம் விளக்கின் காதில், வயர் ஒட்டும் பொட்டில், இருந்ததால் சிரிப்பை விழுங்கினாள்.

முதல் இரண்டு விளக்கையும் அவள் கெடுத்தாள். வெல்டிங் கை அது. இரும்பு உருகி இரும்போடு சேரும்வரை அழுத்திப் பிடித்தே பழகின கை. இங்கே அழுத்தினால் மிளகு கருகிவிடுகிறது. மூன்றாவதில்தான் பிடிபட்டது: தொட வேண்டும், ஈயம் பளபளவென்று ஓடும், உடனே எடுத்துவிட வேண்டும். தூங்குகிற பிள்ளையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது மாதிரி. அது புரிந்த பிறகு கை தானாக ஓடத் தொடங்கியது. நீலம் ஒரு வரிசை, வெள்ளை ஒரு வரிசை. அலுமினியத்தில் துளை போட்டு, மரை வெட்டி, ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் அடியில் சூடு கடத்தும் வெள்ளைப் பசை தடவி, இரண்டு திருகாணி வைத்து இறுக்கினாள். அதில் மட்டும் அவளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. திருகாணியை இறுக்குவது அவளுக்குக் கைவந்த கலை. இனி ஒரு சுற்றுக்கு இடமில்லை என்று ஸ்க்ரூடிரைவர் முனகும்வரை இறுக்கினாள்.

"கப்பல் போல்ட் இல்ல அண்ணி அது."

"ஆடக் கூடாதுல்ல."

வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்தபோது எல்லாம் கோத்து முடிந்திருந்தது. கொழுந்தன் பிளக்கை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் போனான். வீட்டுக்காரர் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நின்றார். மாமியார்கூட மடிப்பை நிறுத்திவிட்டார்.

"போடு," என்றாள் பொறி. அவளுக்கே கேட்காத குரலில்.

வெள்ளை வரிசை பளிச்சென்று எரிந்தது. நீல வரிசையில் முதல் இரண்டு எரிந்தன. கடைசி இரண்டு எரிந்தன. நடுவில் இருந்த அத்தனையும் இருட்டு. பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

"சோடை," என்றான் கொழுந்தன். "நடுவுல இருக்கறதெல்லாம் சோடை. வாங்கின இடம் சரியில்ல அண்ணி."

"நடுவுல இருக்கறது மட்டும் எப்படிடா வரிசையா சோடை போகும்? சொல்லிவச்சுக்கிட்டா?"

அவன் தலையைச் சொறிந்தான். வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க முயற்சி செய்ததுதான் அவளுக்குத் தெரிந்தது. தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மூடின கை மூடியபடியே இருந்தது.

பிளக்கைப் பிடுங்கச் சொன்னாள். பிறகு கட்டையை மடியில் கிடத்திக்கொண்டு வெறுமனே பார்த்தாள். ஒரே ஒரு கம்பியில் கோத்த விளக்குகள். மின்சாரம் இந்த முனையில் நுழைந்து ஒவ்வொன்றாகக் கடந்து அந்த முனையில் வெளியே போக வேண்டும். இரண்டைக் கடந்தது. கடைசி இரண்டையும் கடந்தது. நடுவில் இருந்தவற்றைத் தொடாமல் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது? பறந்தா?

"குறுக்கு வழியில போயிருக்கு," என்றாள் சத்தமாக.

"என்னது?"

"வழியில இறங்கி, குறுக்கால நடந்து, மறுபடி வழியில ஏறியிருக்கு. உன் மீட்டரைக் கொடு."

மின்தொடர்பு இருந்தால் கத்துகிற மல்டிமீட்டரின் ஒரு முனையை அலுமினியத்தில் வைத்தாள். மறு முனையால் ஒவ்வொரு நட்சத்திரத்தின் ஈயப் பொட்டையும் தொட்டுக்கொண்டே போனாள். முதலாவதில் சத்தமில்லை. இரண்டாவதின் வலது காதில் கீச்சென்று கத்தியது. அப்புறம் நடுவில் முழுக்க அமைதி. கடைசிக்கு முந்தினதில் மறுபடி கீச்.

குனிந்து, கண்ணை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அவள் உயிரைக் கொடுத்து இறுக்கிய திருகாணி. அதன் இரும்புத் தலை சாய்ந்து, ஈயப் பொட்டின் மேல் ஏறி உட்கார்ந்து, பல்லால் கடித்துக்கொண்டிருந்தது. திருகாணி வழியாக அலுமினியத்துக்குள் இறங்கின மின்சாரம், அகலமான ராஜபாட்டை கிடைத்தது என்று அங்கிருந்து நேராக அந்தக் கோடிக்குப் போய், இன்னொரு திருகாணி வழியாக மேலே ஏறியிருக்கிறது.

அவள் நெற்றியில் அறைந்துகொண்டாள். பட்டறையில், மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் கிளாம்ப்பைக் கப்பலின் எந்த மூலையில் கவ்வ விட்டாலும் வேலை நடக்கும். இரும்பு உடம்பே அங்கே கம்பி. உடம்பு முழுக்க மின்சாரம் ஓடினால்தான் பிழைப்பு. இரும்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் நல்லது என்பது இத்தனை வருஷத்தில் அவள் எலும்புக்குள் போயிருந்தது. திருகாணி விளக்கைத் தொடுகிறதே என்று அவளுக்குச் சந்தேகம்கூட வரவில்லை. தொடத்தானே வேண்டும்!

கொழுந்தனும் பார்த்தான். பார்த்ததும் அவனுக்குக் கொண்டாட்டம். "அண்ணி, உங்க பட்டறையில எர்த் வேலைக்காரன். இங்க அவன் ஆபத்துக்குக் காவல் நிக்கற வாட்ச்மேன். வாட்ச்மேனைப் பிடிச்சு மூட்டை தூக்க விட்டுட்டீங்களே!"

"நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த? கப்பல் போல்ட்டுன்னு ஜோக் அடிக்கத் தெரிஞ்சுதுல்ல, இதைச் சொல்லத் தெரியலையா?"

"நானும் பார்க்கலைங்க. நீங்க இறுக்கற வேகத்தைப் பார்த்துட்டு இருந்தேன்."

ஆனால் அவளுக்குக் கோபம் வரவில்லை. விளக்குகள் சோடை இல்லை! ஒன்றுகூடச் சோடை இல்லை! மடியில் கிடந்த கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒவ்வொரு திருகாணியின் தலைக்கும் கீழே, இரும்பும் ஈயமும் ஒன்றையொன்று தொடாதபடி, பிளாஸ்டிக் வாஷர் ஒன்று போட்டால் போதும்.

"ஹார்டுவேர் கடை திறந்திருக்குமா?"

"ஞாயித்துக்கிழமை எவன் திறப்பான்?"

அவள் எழுந்து போய்த் தன் பெட்டியிலிருந்து பெரிதும் சின்னதுமாகக் கேஸ்கெட் பஞ்ச் இரண்டை எடுத்து வந்தாள். குழாய் இணைப்புகளுக்கு ரப்பர் வளையம் வெட்டுகிற உளி. நுனி வட்டமாக இருக்கும், ஒரு தட்டு தட்டினால் வட்டமாக அறுபடும். பெரிதால் ஒரு தட்டு, சின்னதால் நடுவில் ஒரு தட்டு. வாஷர் வந்துவிடும். இனி மெல்லிசான, கெட்டியான பிளாஸ்டிக் வேண்டும். கண் கூடத்தைச் சுற்றியது. கொழுந்தனின் கருவிப் பைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஃபைல் உறையில் வந்து நின்றது.

கொழுந்தன் அந்தப் பார்வையைப் புரிந்துகொண்டு பையை மார்போடு அணைத்தான். "அண்ணி, வேண்டாம். அதுல என் லிஃப்ட் சர்டிபிகேட் இருக்கு."

"சர்டிபிகேட்டை யாரு கேட்டா? உறையைக் கொடு."

"நாளைக்கு இன்டர்வியூ இருக்குங்க!"

"கையில எடுத்துட்டுப் போ. உறையில வச்சா மட்டும் லிஃப்ட் வேகமா ஏறுமா?"

"கொடுத்துத் தொலைடா," என்றார் மாமியார் கட்டிலிலிருந்து. "பொழுது போகுது."

பொறி திரும்பிப் பார்த்தாள். மாமியார் துணியை ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தார்.

அதற்கப்புறம் கூடமே பட்டறையானது. பலகை மேல் உறையை விரித்து அவள் தட்ட, தட்டிய வட்டங்களை மாமியார் நகத்தால் கிள்ளிப் பிரித்து ஒரு கிண்ணத்தில் போட, கொழுந்தன் திருகாணிகளைக் கழற்ற, வீட்டுக்காரர் ஒவ்வொரு திருகாணிக்கும் வாஷரைக் கோத்து நீட்டினார். பொறி இந்தத் தடவை இரண்டு விரலால் மட்டும் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தாள். மற்ற விரல்களை மடக்கி வைத்துக்கொண்டாள், அவற்றின் மேல் நம்பிக்கை இல்லாததால். ஒவ்வொன்றையும் இறுக்கியதும் மீட்டர் வைத்துப் பார்த்தாள். சத்தமில்லை. சத்தமில்லை. சத்தமில்லை. வாழ்க்கையில் இத்தனை இனிமையான சத்தமின்மையை அவள் கேட்டதில்லை.

கொழுந்தன் அலுமினியக் கட்டைக்குத் தனியாக ஓர் எர்த் கம்பி போட்டான். தண்ணீர் வழிந்தாலும் பிளக்குக்குள் போகாதபடி வயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினான். "இப்பத்தான் வாட்ச்மேன் வாசல்ல நிக்கறான்," என்றான்.

"போடு," என்றாள்.

நீலம் எரிந்தது.

ஒரு கோடி முதல் மறு கோடிவரை ஒன்று விடாமல் எரிந்தது. கட்டை கூரையைப் பார்த்துப் படுத்திருந்ததால் கூரையெல்லாம் நீலம். நான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கொழுந்தன் எழுந்து ஆடினான்; ஆடும்போது அவன் வெள்ளை பனியன் தனியாக நெருப்புப் பிடித்தது மாதிரி ஜொலித்தது. "அய்யோ, பல்லைப் பாரு இவனுக்கு!" என்று மாமியார் கூச்சல் போட்டார். அவர் பல்லும் அப்படித்தான் இருந்தது, யாரும் சொல்லவில்லை. பொறி கட்டையைச் சுற்றி வந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி சுற்றி வந்தாள். எத்தனையோ கப்பல் அவள் கையால் பழுது தீர்ந்து கடலுக்குப் போயிருக்கிறது. எதற்கும் அவள் இப்படிச் சுற்றிச் சுற்றி வந்ததில்லை.

தொட்டிக்கு மேலே தொங்கவிடும் வேலையை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். கூரைக் கொக்கியில் இரண்டு கம்பி. பொறியும் கொழுந்தனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். அவர் எதிரே நின்று கைச்சாடை காட்டினார். உள்ளங்கை கீழ்நோக்கி அசைந்தால் மெதுவாக இறக்கு. முஷ்டி மூடினால் நிறுத்து. இருபது டன் தூக்குகிற முகபாவம் அவருக்கு. முஷ்டி மூடியது. விளக்கு நின்றது. அந்த நேரம் பார்த்து வாசலில் வாளி சத்தம் கேட்டது.

வண்ணமீன் கடைக்காரர் இரண்டு வாளியோடு வந்திருந்தார். ஒன்றுக்குள் ஒன்று. உள்ளே வந்ததும் விளக்கைப் பார்த்தார், அப்புறம் மகாராணியைப் பார்த்தார். மகாராணி மூடியிருந்தது. வாளிகளைத் தனித்தனியாகப் பிரித்துத் தரையில் வைத்தார்.

"விளக்கு எரியுதே! நெசமாவே செஞ்சுட்டியா தங்கச்சி?" அவர் குரலில் வியப்பு இருந்தது, கெட்ட எண்ணம் இல்லை. "ஆனா இது இன்னும் வாயைத் திறக்கலியே."

"இப்பத்தாண்ணே மேல ஏத்தினோம். உக்காருங்க. டீ குடிங்க."

அவள் வெள்ளை வரிசையை அணைத்து, நீலத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் திருகைக் கால்வாசியில் வைத்திருந்தாள். தொட்டிக்குள் மங்கலான நீலம், சாயங்கால வானம் மாதிரி. கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்வளவுதானா? என் கடை விளக்கைப் பாத்திருக்கல்ல? கண்ணு கூசும். இந்த வெளிச்சத்துல சாமான்யத்துல திறக்காது."

கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, முழுசாத் திருப்புங்க. யாரு கண்ணு கூசுதுன்னு பாத்துடலாம்."

அவள் கை திருகுக்குப் போய்விட்டது. உடம்பெல்லாம் அதைத் திருப்பத் துடித்தது. காலையிலிருந்து இதற்காகத்தானே! ஒரே திருப்பு, கூடமே பகலாகும், கடைக்காரர் வாயடைத்துப்போவார். விரலும் அந்த வெளிச்சத்தில் சட்டென்று நீண்டுவிட்டால்?

அப்போது அவளுக்குப் பழைய கண்ணெரிச்சல் ஒன்று ஞாபகம் வந்தது. பட்டறையில் சேர்ந்த புதிதில், பக்கத்து ஆள் வெல்டிங் செய்ததைக் கண்ணாடி இல்லாமல் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். பார்த்தபோது ஒன்றுமே தெரியவில்லை; அழகாகத்தான் இருந்தது. அப்புறம்தான் இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிக் கொட்டித் தேய்த்த மாதிரி எரிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆர்க் அடித்துவிட்டது என்பார்கள் பட்டறையில். வெளிச்சம் எவ்வளவு அடித்தது என்று அடிக்கும்போது தெரியாது. இந்த நீலமும் அந்த ஜாதிதான். மனுஷக் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், ஆனால் உள்ளே இறங்கும். இத்தனை நாள் இருட்டில் கிடந்ததை இழுத்து வந்து வெல்டிங் ஆர்க்குக்கு முன்னால் நிறுத்துவதா? ஊருக்குக் காட்ட?

கையை எடுத்தாள்.

"இல்லண்ணே. கால்வாசிதான். இருட்டுல கிடந்த உசுரு. முழுசா அடிச்சா அதுக்கு ஆர்க் அடிச்சிடும். நாளைக்குக் கொஞ்சம், அடுத்த வாரம் கொஞ்சம்னுதான் ஏத்தணும்."

"அது சரிதான்," என்றார் கடைக்காரர் மெதுவாக. அவருக்கும் அது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவர் ஒரு வாளியின் கைப்பிடியைத் தொட்டார். "ஆனா பேசினது பேசினதுதானே தங்கச்சி? திறந்திருந்தா வெறும் வாளின்னு நீதான் சொன்ன."

"சொன்னேன். டீ குடிச்சு முடிங்க. அப்பவும் மூடியிருந்தா நானே கையை விட்டு எடுத்துத் தர்றேன்."

கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் போய்க் கூடத்து டியூப்லைட்டை அணைத்தார். நீலம் மட்டும் நின்றது. டீ வந்தது. கடைக்காரர் நல்ல மனுஷன்; டீயை ஊதி ஊதி, ஊதத் தேவையில்லாத அளவு ஆறிய பிறகும் ஊதிக் குடித்தார். பொறி தொட்டியைப் பார்க்கவில்லை. தம்ளரின் அடியில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் பார்த்தாள். ஒரு வாய். அரை வாய். கடைக்காரர் தம்ளரைத் தரையில் வைக்கக் குனிந்தார்.

"ஏய்," என்றார் மாமியார்.

எல்லோரும் திரும்பினார்கள். மாமியார் கட்டிலை விட்டு எழுந்து வந்து, தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஏய், இது என்ன... நாக்கை நீட்டுது பாரு!"

மகாராணியின் இடது ஓரத்தில், எலும்பு இடுக்கிலிருந்து, அரிசி நுனி அளவு பச்சை ஒன்று வெளியே வந்திருந்தது. அது தயங்கி, தண்ணீர் ஓட்டத்தில் ஒரு தடவை ஆடிவிட்டு, கொஞ்சம் தடித்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் அதற்குப் பின்னால் ஒரு கொத்து. யாரோ உள்ளிருந்து ஊதுவது மாதிரி ஒவ்வொன்றாக உப்பி, நீண்டு, நுனியில் மஞ்சள் பொட்டு விரிந்து, நீல வெளிச்சத்தில் தானே விளக்கு மாதிரிப் பச்சையாக எரியத் தொடங்கின. பழைய விளக்கில் அவள் ஒருநாளும் பார்க்காத பச்சை. எல்லா விரலும் வரவில்லை. வலது பக்கம் பாதி இன்னும் பழுப்பாக, மூடித்தான் கிடந்தது. ஆனால் இடது பக்கம் கை திறந்துவிட்டது.

பொறி வீட்டுக்காரரின் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, முஷ்டியை மூடி உயர்த்திக் காட்டினார். நிறுத்து. வேலை முடிந்தது.

"அண்ணி!" கொழுந்தன் குதித்தான். "என் ஃபைல் உறை! என் உறைதான் காப்பாத்துச்சு! நாளைக்கு இன்டர்வியூல கேட்டா இதைத்தான் சொல்லப்போறேன்!"

கடைக்காரர் கொஞ்ச நேரம் நின்றபடி பார்த்தார். அவர் வெள்ளைச் சட்டை நீலத்தில் பளபளத்தது. பிறகு ஒரு வாளியை எடுத்துக் கவிழ்த்து, தொட்டிக்கு எதிரே போட்டு, அதன் மேல் உட்கார்ந்தார்.

"இந்தப் பச்சை என் கடையில வரலை தங்கச்சி," என்றார். "எத்தனை நீலம் போட்ட?"

"அப்புறம் சொல்றேன். முதல்ல பாருங்க."

கொழுந்தன் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டான். வீட்டுக்காரர் நின்றார். பொறி தரையில் உட்கார்ந்து, காலையிலிருந்து முதல் தடவையாகக் காலை நீட்டினாள். விரல்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்தன. நேரம் போனது தெரியவில்லை. கடைசியில் அவள் எழுந்து, இன்றைக்கு இது போதும் என்று பிளக்குப் பக்கம் கையை நீட்டியபோது, மாமியார் கண்ணாடியிலிருந்து மூக்கை எடுக்காமலே அதட்டினார்:

"அணைச்சிடாதடி. அது இன்னும் சாப்பிட்டு முடிக்கலை."